கேட்காமல் எடுத்த சாவி

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை அவருடைய நண்பர் வந்தார். நேராக உள்ளே வந்து மேசையிலிருந்த சொட்டு மருந்தை எடுத்தார், சீட்டைப் படித்தார், "அண்ணாந்து உட்காருடா" என்றார். ஊற்றி முடித்ததும் ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, மீதி மருந்து வாங்கக் கிளம்பிவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை. அப்பாவை 'டா' போட்டுக் கூப்பிட இன்று எங்கள் ஊரில் மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான்.

வயதாக ஆக நண்பர்கள் குறைவது இயல்பு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். இனி இருக்கும் காலம் கொஞ்சம்தான் என்று உணரும்போது, மனதுக்கு நெருக்கமானவர்களோடு மட்டும் பொழுதைக் கழிக்க நினைக்கிறோம். ஆகவே கல்யாண வீடுகளில் நூறு பேரிடம் பேசித் திரிந்தவர் நாலு பேரோடு நிறுத்திக்கொண்டால் பதற வேண்டாம். அந்த நாலு பேரும் நழுவிவிட்டால்தான் பதற வேண்டும்.

ஏனென்றால், அந்த இடத்துக்குப் புது ஆள் சுலபத்தில் கிடைக்கமாட்டார். ஒருவர் நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து பழக வேண்டியிருக்கிறது என்று கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் கணக்கிட்டார். பள்ளியிலும் விடுதியிலும் அந்த நேரம் தானாகக் கிடைத்தது. அறுபதுக்கு மேல் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பழைய நட்பும் தானாக நிற்பதில்லை. பள்ளி முடித்த மாணவர்களை ஆய்வாளர்கள் ராபின் டன்பாரும் சாம் ராபர்ட்ஸும் தொடர்ந்து கவனித்தார்கள். பெண்களின் நட்பைப் பேச்சு காப்பாற்றியது. ஆண்களுக்குச் சேர்ந்து எதையாவது செய்ய வேண்டியிருந்தது. அது இளையவர்களிடம் நடந்த ஆய்வுதான். ஆனாலும் ஓய்வுபெற்ற ஆண்கள் பலர் ஏன் திடீரென்று தனித்துப்போகிறார்கள் என்பது எனக்கு இதிலிருந்துதான் புரிந்தது. அவர்கள் சேர்ந்து செய்துவந்தது ஆபீஸ் வேலை. அது போனதும் சந்திக்க ஒரு சாக்கு இல்லை. 'போனில் பேசிக்கலாம்' என்பது அவர்களுக்குப் போதாது. காலை நடையோ, கேரம் பலகையோ, சேர்ந்து மார்க்கெட் போவதோ, வாரம் தவறாத ஒரு வேலை வேண்டும்.

இடையில் பல வருடம் விட்டுப்போயிருந்தால்? 'இப்போது கூப்பிட்டால் என்ன நினைப்பாரோ' என்ற தயக்கம் எல்லோருக்கும் உண்டு. 2022-இல் பெக்கி லியூவும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்தார்கள். எதிர்பாராமல் வரும் விசாரிப்பு, கூப்பிட்டவர் நினைப்பதைவிட அதிகமாகவே மறுமுனையில் இருப்பவரை மகிழ்விக்கிறது. தயங்காமல் கூப்பிடுங்கள்.

வள்ளுவர் நட்பைப் பற்றி 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் எழுதினார். அதில் 81-ஆவது, 'பழைமை', நாள்பட்ட நட்புக்கே உரியது. அங்கே அவர் திரும்பத் திரும்பச் சொல்வது கெழுதகைமை, அதாவது நண்பர் உரிமை எடுத்துக்கொண்டு செய்வது. அதை முகம் சுளிக்காமல் ஏற்கச் சொல்கிறார். வயதான பிறகு இதன் அருமை கூடுகிறது. பிள்ளைகளிடம்கூட உதவி கேட்கக் கூசும் வயதில், கேட்காமலே செய்துவிட்டுப் போகும் ஒருவர் எவ்வளவு பெரிய ஆறுதல்!

போன மாதம் அந்த நண்பர் மகள் வீட்டுக்குப் பெங்களூரு போயிருந்தார். அவர் வீட்டுக் கரண்ட் பில்லை அப்பா கட்டிவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் எவ்வளவு என்று கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை.