தெரியுமா? பொறியே இல்லாமல் பற்றும் டீசல், மண்ணெண்ணெயில் ஓடிய பெற்றோல் கார்!

சிலாவத்துறையிலிருந்து தெற்கே மறிச்சுக்கட்டி தாண்டி, வில்பத்துக் காட்டை ஊடறுத்துப் புத்தளம் போகும் பழைய பாதை தெரியுமா? அதில் எலுவன்குளத்தில், கலா ஓயாவுக்குக் குறுக்கே ஒரு சப்பாத்துப் பாலம். பெருமழை கொட்டினால் ஆறு பாலத்துக்கு மேலாலேயே பாயும்! டீசல் ஜீப்பா, பெற்றோல் ஜீப்பா என்று கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா?

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே இல்லை, தெரியுமா? காற்றை 15 முதல் 22 மடங்கு வரை நெரித்தால் போதும், சூடு 500 பாகையைத் தாண்டிவிடும்! அதற்குள் டீசலைப் பீச்சியதும் தானாகவே பற்றிக்கொள்ளும். பெற்றோலுக்கோ ஒவ்வொரு தடவையும் பொறி வேண்டும். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் எத்தனை பொறி? 6000! பழைய வண்டியின் பிளக் வயர் நனைந்தால், நட்டாற்றில் எஞ்சின் இருமத் தொடங்கிவிடும்.

பெற்றோல் ஆவி மைனஸ் 40 பாகைக் குளிரிலும் தீக்குச்சியைக் கண்டால் பற்றும். டீசலை 50 பாகைக்கு மேல் சூடேற்ற வேண்டும். ஆனால் தீக்குச்சியே இல்லாமல், வெறும் சூட்டில் தானாகப் பற்றுவதில் முந்துவது எது? டீசல்! அதற்குச் சுமார் 210 பாகை போதும். பெற்றோலுக்கு 250க்கு மேல்!

டீசல்காரர்களே, அவசரப்பட வேண்டாம்! காற்றுக்குழாய் வழியே தண்ணீர் உள்ளே போனால் இரண்டு எஞ்சினும் படுத்துவிடும். தண்ணீரை நெரிக்க முடியாதே! கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். நெரிப்பு கூடிய டீசலுக்குத்தான் அடியும் அதிகம்.

மன்னார்க் கரையோரத்தில் கரைவலைக் கயிற்றை உழவு இயந்திரத்தில் சுற்றி இழுப்பதைப் பார்த்ததுண்டா? அது டீசலின் பலம்! நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குள்ளேயே முழு இழுவையும் வந்துவிடும். பெற்றோல் எஞ்சின் பெரும்பாலும் 4000 வரை அலற வேண்டும். அதற்காகப் புதைமணலில் பெற்றோலைத் தள்ளிவிடாதீர்கள். எடை குறைவு, வண்டியின் மூக்கு மணலில் எளிதில் இறங்காது!

வில்பத்துப் பூங்காவின் பரப்பு 1317 சதுர கிலோமீற்றர்! உள்ளே எரிபொருள் நிலையம் ஏது? ஒரே ஒரு லீற்றரில் பெற்றோலைவிட டீசலுக்குள் பத்து வீதத்துக்கு மேல் கூடுதல் சக்தி அடங்கியிருக்கிறது. நெடுந்தூரத்துக்கு என் வாக்கு டீசலுக்கே!

சாவியைக் கழற்றினாலும் நிற்காத எஞ்சின் தெரியுமா? டர்போ பழுதாகி எஞ்சின் ஒயில் உள்ளே கசிந்தால், டீசல் எஞ்சின் தன் ஒயிலையே எரித்துக்கொண்டு வெறிபிடித்து ஓடும்! காற்றை அடைத்தால்தான் அடங்கும்.

1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் எதில் ஓடியது? கடலை எண்ணெயில்! டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த ருடோல்ஃப் டீசல் 1913இல் கப்பலில் போகும்போது இரவோடிரவாக மாயமானார்!

இதையெல்லாம் மிஞ்சியது நம் வடக்கில் நடந்தது! 1990களில், போர்க்காலத்தில் அரசு வடக்குக்கு விதித்த பொருளாதாரத் தடையில் பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்ட பொருட்கள். அப்போது ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்கள் எதில் ஓடின? மண்ணெண்ணெயில்! குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் கார்புரேட்டருக்குள் விட்டு, எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பின்னால் வெண்புகை மண்டலம்! புதிய கார் என்றால் எஞ்சின் தட்டியே நொறுங்கியிருக்கும். அந்தக் கிழட்டுக் கார்களின் நெரிப்பு வெறும் 7 மடங்கு அளவுதான், அதுவே அவற்றைக் காப்பாற்றியது! இந்த வித்தையை நம் மெக்கானிக்குகள் தாங்களாகவே கண்டுகொண்டார்களே!

அதே சூத்திரம் கடலிலும் ஓடுகிறது, தெரியுமா? இலங்கை மீனவரின் வெளியிணைப்பு இயந்திரங்களில் பல பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஆகஸ்டில் அந்த மண்ணெண்ணெயின் விலை ஒரே நாளில் லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து எவ்வளவுக்குப் பாய்ந்தது? 340 ரூபாய்!