கோலம் போடப் போய்…

வாசலில் கோலம் போடப் போய்த் தோளை உடைத்துக்கொண்ட கதையை எழுத உட்கார்ந்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

எங்களுக்கு மயூர் விஹாரில் மூன்றாவது மாடி வீடு. டில்லிக்கு வந்து 38 வருஷம் ஆகியும் மார்கழிக் கோலத்தை நான் விட்டதில்லை. வாசல் என்று இங்கே இருப்பது நாலடிக்கு நாலடி மொசைக் தரைதான். 2023 டிசம்பரில் ஒரு பனிக்காலை, தண்ணீர் தெளித்துவிட்டுத் திரும்பினேன், கால் வழுக்கியது. படியில் உருளவில்லை. நின்ற இடத்திலேயே விழுந்தேன். வலது தோளில் 'டக்'கென்று ஒரு சத்தம்.

மேற்கை எலும்பு தோளோடு சேரும் இடத்தில் முறிவு. "துண்டுகள் அதிகம் விலகவில்லை. ஆபரேஷன் வேண்டாம், ஸ்லிங் போதும். மூன்று வாரத்தில் மெல்ல அசைக்க ஆரம்பியுங்கள்" என்றார் டாக்டர்.

நான் கேட்டேனா? கும்பகோணத்திலிருந்து அக்கா தினமும் போனில், "கையை அசைச்சுடாதேடி, எலும்பு விலகிடும்" என்பாள். என் பயமும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. ஏழு வாரம் கையை மார்போடு அணைத்தபடியே இருந்தேன். படுத்தால் வலி, தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூக்கம். அடுக்களைப் பக்கமே வராத என் கணவர், எனக்குத் தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டார். பின்னல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போகும். சொல்ல மனசு வரவில்லை.

மூன்று மாதமாகியும் எலும்பு முழுதாகக் கூடவில்லை. தோளோ துருப்பிடித்த கீல் மாதிரி இறுகிவிட்டது. வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "இதற்கு முன்னால் எலும்பு முறிந்ததுண்டா?"

உண்டு. ஆறு வருஷம் முன்பு பஸ் ஸ்டாப்பில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டோம், பிரித்தோம், மறந்தோம்.

"நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், குற்றம் தரையினுடையது இல்லை மாதாஜி, எலும்பினுடையது. மணிக்கட்டு முதல் எச்சரிக்கை, தோள் இரண்டாவது. இடுப்பு முறியும்வரை காத்திருக்கப் போகிறீர்களா?" என்றார்.

டெக்ஸா என்ற ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி கிடையாது, கால்மணி நேரம் படுத்திருந்தால் போதும். இளவயது எலும்போடு நம் எலும்பின் அடர்த்தியை ஒப்பிட்டு 'டி ஸ்கோர்' தருகிறார்கள். மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபொரோசிஸ். எனக்கு மைனஸ் 3.1! இது மூட்டுத் தேய்மானம் அன்று. எலும்பே உள்ளுக்குள் சல்லடையாகிப் போவது. முறியும்வரை வலியே இராது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களுக்கு இது வேகமாக வருகிறது. வைட்டமின் டி-யும் எனக்கு மிகக் குறைவு. மாடி வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் வெயில் எங்கே கிடைக்கும்?

கால்சியம், வைட்டமின் டி, வாரம் ஒரு மாத்திரை என்று சிகிச்சை தொடங்கியது. அந்த வார மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அதுவரை காபியும் கூடாது! காபிப் பிரியைக்கு இதைவிடத் தண்டனை உண்டா?

பிசியோதெரபிஸ்ட் பெண் இரண்டு பயிற்சி தந்தாள். குனிந்து நின்று கையைக் கடிகாரப் பெண்டுலம்போல் ஆட்டுவது ஒன்று. விரல்களால் சுவரில் பல்லிபோல் ஏறுவது மற்றொன்று. சுவரில் பென்சில் கோடு போட்டு வைத்தோம். கோடு ஓர் அங்குலம் ஏற ஒரு வாரம் ஆகும். எலும்பு கூட ஐந்து மாதம். நானே தலை பின்னிக்கொள்ள ஒன்பது மாதம். மேல்தட்டு டப்பா இன்றும் எட்டாது.

நம் சங்கத்துச் சகோதரிகளுக்கு ஒன்று சொல்வேன். ஐம்பதைத் தாண்டியபின் சாதாரணமாக விழுந்து எலும்பு முறிந்தால், கட்டுப் போட்டதோடு வீடு திரும்பாதீர்கள். "ஏன் முறிந்தது?" என்று டாக்டரிடம் கேளுங்கள். நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. பாலும் தயிரும் இருக்கவே இருக்கின்றன. நாள்பட ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் விழும்வரைகூடக் காத்திராமல் டாக்டரைக் கேட்டுவிடுவது நல்லது. முறிந்த கையை டாக்டர் எப்போது அசைக்கச் சொல்கிறாரோ, அப்போது அசையுங்கள். அக்கா சொல்வதைக் கேட்காதீர்கள்!

2024 மார்கழியில் மறுபடி கோலம் போட்டேன். தண்ணீர் தெளிக்கவில்லை, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகுதான். கம்பி கொஞ்சம் கோணல். அவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.