இருமக் கூடாத காடு

"கண்ணால் தேடாதீர்கள். இங்கே பச்சையைத் தவிர கண்ணுக்கு எதுவும் கிடைக்காது. காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்" என்றார் எங்கள் வழிகாட்டி அமூட்டி.

அமூட்டி என்பது அவருடைய சொந்தப் பெயரல்ல. மேற்கு உகாண்டாவின் ஃபோர்ட் போர்ட்டல் வட்டாரத்து டோரோ மக்களுக்கு, வைத்த பெயர் போக ‘எம்பாக்கோ’ என்று இன்னொரு பெயர் உண்டு. மொத்தமே பன்னிரண்டு பெயர்கள்தான். ஊர் முழுக்க அவற்றையே பகிர்ந்துகொள்கிறார்கள். பிரியமும் மரியாதையுமாகக் கூப்பிட அந்தப் பெயர்தான். நாம் முன்பின் தெரியாதவரை ‘அண்ணாச்சி’ என்பது மாதிரி.

அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது கிபாலே தேசியப் பூங்கா. ஆயிரத்துக்கு மேற்பட்ட சிம்பன்சிகளும், அவை போக இன்னும் 12 வகைக் குரங்கினங்களும் உள்ள மழைக்காடு. காலை எட்டு மணிக்குக் கன்யஞ்சு முகாமில் எங்களை வரிசையாக உட்காரவைத்து விதிகளைச் சொன்னார்கள். முகக்கவசம் கட்டாயம். சிம்பன்சியைக் கண்ட நேரத்திலிருந்து ஒரு மணி நேரம்தான். கிட்டே போகக் கூடாது, காட்டுக்குள் எதையும் தின்னக் கூடாது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கள் குழுவிலிருந்த பெரியவர் ஒருவர் இரண்டு முறை இருமினார். அமூட்டி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து மெதுவாக ஏதோ பேசினார். பெர்மிட்டுக்கு 200 டாலருக்கு மேல் கட்டியிருந்த மனுஷன் முகாமிலேயே தங்கிவிட்டார்.

அநியாயம் என்று தோன்றலாம். ஆனால் 2013இல் இதே கிபாலேயின் கன்யவாரா பகுதியில், 56 சிம்பன்சிகள் கொண்ட கூட்டத்தில் சளி பரவி ஐந்து செத்துப்போயின. செத்த இரண்டு வயதுக் குட்டியின் உடலைச் சோதித்தபோது அகப்பட்டது ரைனோ வைரஸ் சி. நம் வீட்டுப் பிள்ளைகள் மூக்கொழுகிக்கொண்டே பள்ளிக்கூடம் போகிறார்களே, அந்த வகையறா. மனிதரிடமிருந்து போன கிருமி.

எனக்கும் இரண்டு நாளாகத் தொண்டையில் சின்ன உறுத்தல். செம்மண் ரோட்டுப் புழுதிதான் என்று எனக்கு நானே வைத்தியம் பார்த்து, முகாமை விட்டுக் கிளம்புமுன் இஞ்சி மரப்பா ஒன்றைத் தின்றுவிட்டேன். அமூட்டியிடம் சொல்லவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது.

பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் திணிக்கச் சொன்னதன் அர்த்தம் பத்தாவது நிமிடத்தில் புரிந்தது. பாதையின் குறுக்கே படையெறும்புகள் கறுப்புக் கயிறு போல ஓடிக்கொண்டிருந்தன. தாண்டிக் குதித்தும் இரண்டு ஏறிவிட்டன. கடித்ததைப் பிய்த்தால் தலை மட்டும் தோலில் மிச்சமிருக்கிறது.

மேலே கறுப்பு வெள்ளைக் கோலோபஸ் குரங்கு ஒன்று, தோளிலிருந்து வெள்ளைச் சால்வை தொங்க, கோயில் தர்மகர்த்தா போல உட்கார்ந்திருந்தது. கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு வெறும் மொட்டுதான். வால்பாறைப் பக்கம் நாம் பார்க்கும் கருமந்திக்குத் தூரத்துப் பங்காளி. இரண்டும் இலைதின்னி, இரண்டுக்கும் பல அறை வயிறு. அதன் உறவான சிவப்புக் கோலோபஸின் பாடுதான் பாவம். இந்தக் காட்டின் என்கோகோ பகுதியில், இருநூறு வரை சேர்ந்திருந்த சிம்பன்சிப் பெருங்கூட்டம் வேட்டையாடியே அதன் எண்ணிக்கையைச் சரித்துவிட்டது. பழம் தின்னும் சாது என்றல்லவா சிம்பன்சியை நினைத்திருந்தேன்!

அமூட்டி சட்டென்று குனிந்தார். பழுத்த இலைமேல் நார்நாராக ஓர் உருண்டை, பல் தடம் பதிந்து கிடந்தது. சிம்பன்சி அத்திப் பழத்தைக் கீழுதட்டில் அடக்கிச் சாறு முழுவதையும் உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும், நம் ஊர்த் தாத்தாக்கள் வெற்றிலை அடக்குவது போலவே. ஒரு குச்சியால் புரட்டிப் பார்த்தார். ஈரம் காயவில்லை.

கை காட்டி எங்களை நிறுத்தினார். தாழ்வாக ‘ஹூ… ஹூ…’ என்று தொடங்கிய குரல், மூச்சிரைக்க இரைக்க ஏறி அலறலானது. அதன் உச்சியில் தம்… தம்தம்! பெருமரத்தின் பலகை வேரை ஏதோ ஓர் ஆண் சிம்பன்சி காலால் உதைக்கிறது. சத்தம் காதுக்கு வருமுன் நெஞ்செலும்பில் வந்து மோதியது.

அத்தி மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தேகால். உச்சியில் ஏழெட்டு இருந்தன. ஒன்று மட்டும் இறங்கி, ஒரு கை முட்டியை ஊன்றி எங்களைத் தாண்டிப் போனது. ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இடது மணிக்கட்டு மடங்கி, விரல்கள் சூம்பியிருந்தன. கம்பிக் கண்ணி, மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் வைப்பது. ஊன்ற முடியாத அந்தக் கையை மார்போடு அணைத்து, மூன்று காலால் நடந்து பழகியிருந்தது.

அப்போதுதான் தொண்டை அரித்தது. விழுங்கினேன். மறுபடி அரித்தது. கண்ணில் நீர் முட்டியது. அமூட்டியைப் பார்த்துத் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவர் முகத்தில் கோபமில்லை. பின்னால் போகும்படி விரலை மட்டும் அசைத்தார்.

வந்த வழியே வெகுதூரம் திரும்பி நடந்து, ஒரு மரத்தின் பின்னால் முழங்கை மடிப்பில் முகம் புதைத்து இருமித் தீர்த்தேன். மிச்ச நேரம் அங்கேயே. துணைக்கு வந்த காவலர், யானை வந்தால் வானத்தை நோக்கிச் சுடும் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் இலைகள்தான். எங்கோ ஒரு குட்டி சிணுங்கியது. கிளை ஒன்று முறிந்தது. மேலேயிருந்து எதுவோ இலை இலையாகத் தட்டிக்கொண்டு இறங்கித் தரையில் விழுந்தது, அத்தியாக இருக்கும்.

(தொடரும்)