வாடகைத் தாய்: சம்மதம் சொல்லுமுன் அறிய வேண்டியவை

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் கோயில் கொண்டுள்ள இறைவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். காவிரியில் வெள்ளம் பெருகிப் பெற்றவள் வந்து சேர முடியாமற்போன வேளையில், பேறுகால வேதனையில் துடித்த பெண்ணுக்கு இறைவனே தாயின் வடிவில் வந்து துணை நின்றார் என்பது தலபுராணம். சுகப்பிரசவம் வேண்டி அச்சந்நிதியில் வாழைத்தார் சமர்ப்பிக்கும் வழக்கம் இன்றளவும் உண்டு. பிரசவம் என்பது பெண்ணுக்கு மறுபிறவி என்னும் உண்மையை நம் ஊரார்க்கு எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அத்தகைய பெருங்காரியத்தைப் பிறர் குழந்தைக்காக ஏற்கும்படி இக்காலத்தில் சில பெண்கள் அழைக்கப்படுகின்றனர். ‘வாடகைத் தாய்’ என்று மக்கள் வழங்கும் முறை அது. கடன் சுமையால் நலிந்த நெசவாளர், விவசாயிகள் வீட்டு வாசலுக்கும் இவ்வழைப்பு வந்து சேர இடமுண்டு. ஆதலின் அதன் இயல்பையும், சட்டத்தையும், அபாயங்களையும் அங்கத்தினர்களும் அவர்தம் இல்லத்துப் பெண்மணிகளும் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முறையின் இயல்பு

கணவனின் உயிரணுவையும் மனைவியின் கருமுட்டையையும் சோதனைச்சாலையில் சேர்த்துக் கருவாக்கி, அக்கருவை வேறொரு பெண்ணின் கருப்பையில் வைத்து வளரச் செய்வதே இம்முறையாகும். சுமக்கும் பெண்ணின் கருமுட்டை இதிற் சேராது; சேர்ப்பதைச் சட்டமும் தடுக்கிறது. ஆகவே குழந்தையின் சாயல் அவளிடமிருந்து வருவதில்லை. ஆயினும் பத்து மாதமும் அதற்கு ஊட்டம் அளிப்பது அவளுடைய உடலே. விதை ஒருவருடையது, நிலம் மற்றொருவருடையது என்று இதற்கு உவமை கூறுவாருண்டு. நிலத்துக்கு நோவு இல்லை, பெண்ணுக்கு உண்டு. அந்த இடத்தில் உவமை தவறிவிடுகிறது.

சோதனைக் குழாய் முறையில் உலகின் முதற் குழந்தை இங்கிலாந்தில் 1978-ம் வருஷம் ஜூலை 25-ல் பிறந்தது. அதே வருஷம் அக்டோபர் 3-ல் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயவின் முயற்சியால் நம் நாட்டின் முதற் குழந்தை பிறந்தது. ஒருவர் கருவை மற்றொரு பெண் சுமக்கும் முறை அமெரிக்காவில் 1985-ல் முதன்முதலாகப் பலித்தது. 2002-க்குப் பின் இந்தியாவில் இது பணத்திற்குச் செய்யும் தொழிலாகவே வளர்ந்தது. குஜராத்திலுள்ள ஆனந்த் நகரம் அதற்குப் பெயர் போயிற்று. அயல்நாட்டார் பலர் அங்கு வந்தனர். 2008-ல் அந்நகரில் பிறந்த மாஞ்சி என்னும் குழந்தை பிறக்குமுன்பே அதன் ஜப்பானியப் பெற்றோர் விவாகரத்துச் செய்துகொண்டனர். குழந்தை யாருக்கு உரியது என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. சட்டம் வேண்டும் என்பதை நாடு உணர அதுவும் ஒரு காரணமாயிற்று. 2015-ல் அயல்நாட்டார்க்கு இம்முறை தடுக்கப்பட்டது. 2021-ல் பார்லிமெண்டு இயற்றிய வாடகைத் தாய் முறை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2022 ஜனவரி 25 முதல் அமலில் இருந்து வருகிறது.

வாடகை என்பது இனி இல்லை

இச்சட்டத்தின் உயிர்நாடி ஒன்றே. பிறர்க்காகக் கருவைச் சுமக்கும் பெண்ணுக்குக் கூலியோ, வெகுமதியோ, வேறு பண ஆதாயமோ தருதல் குற்றம். மருத்துவச் செலவும், விதிகளிற் கண்ட பிற செலவும், இன்ஷூரன்ஸும் மட்டுமே அவளுக்காகச் செலவிடலாம். ‘வாடகைத் தாய்’ என்ற பெயர் வழக்கில் நின்றுவிட்டதேயன்றி, வாடகை என்பது சட்டத்தால் நீக்கப்பட்டுவிட்டது. இப்பெயரை நம்பி மோசம் போகலாகாது.

இச்செயலுக்கு முன்வருபவள் மணமானவளாக, அல்லது மணமாகிக் கணவனை இழந்தோ பிரிந்தோ இருப்பவளாக இருத்தல் வேண்டும். தனக்கென ஒரு குழந்தையேனும் பெற்றிருக்க வேண்டும். கருவை வைக்கும் நாளில் வயது 25-க்குக் குறையாமலும் 35-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். உடல் நலத்துக்கும் மன நலத்துக்கும் டாக்டர் சான்று வேண்டும். ஆயுளில் ஒரே ஒரு முறைதான் இதனைச் செய்யலாம். அவ்வொரு முறைக்காகக் கருவை வைக்கும் முயற்சிகளும் மூன்றுக்கு மேற்படலாகாது.

பணத்துக்காக இதனை நடத்துவோர்க்குப் பத்து வருஷம் வரை சிறையும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பணம் கொடுத்து நாடும் தம்பதியர்க்கு முதற் குற்றத்துக்கே ஐந்து வருஷம் வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். குடும்பத் தலைவர்கள் கவனிக்க வேண்டிய ஷரத்து மற்றொன்று: சட்ட விரோதமாக ஒரு பெண் இதில் ஈடுபட்டிருப்பின், அவளுடைய கணவனோ, உறவினரோ, குழந்தை வேண்டிய தம்பதியரோ அவளை நிர்ப்பந்தித்தனர் என்றே கோர்ட்டு அனுமானிக்கும். அவ்வாறில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர்களைச் சார்ந்தது.

“பிரசவம் ஆனதும் மொத்தமாகத் தருகிறேன்” என்று ஒருவன் வாக்களித்து, பின்னர் தராமற் போனால் என் செய்வது? ஒன்றும் செய்வதற்கில்லை. சட்ட விரோதமான உடன்படிக்கையை நிறைவேற்றித் தர எந்தக் கோர்ட்டும் முன்வராது. நூல் வாங்கிய கணக்கில் தவறு நேர்ந்தால் ரிஜிஸ்டரைக் காட்டி நியாயம் கேட்கலாம். இங்கோ காட்டுவதற்கு ரிஜிஸ்டரே இராது. சுமந்த உடல் ஒன்றே சாட்சி.

தரகர் வரும் வழி

சங்கங்களின் கணக்கைப் பார்வையிடச் செல்லுமிடங்களில், தவணை கடந்த கடன்களின் பட்டியலைப் படிப்பது எம் அலுவல். அப்பட்டியலிலுள்ள குடும்பங்களையே தரகர்களும் தேடுகின்றனர். 2022 ஜூனில் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் கருமுட்டைகள், வயதைக் கூட்டிக் காட்டிய போலி ஆதார் அட்டையின் துணையோடு விற்கப்பட்ட கொடுமை வெளிவந்தது. பெற்ற தாயும், பெண் தரகர் ஒருத்தியும் கைது செய்யப்பட்டவர்களுள் அடங்குவர். 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில், கடன்பட்ட விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்களைத் தரகர்கள் விலை பேசிய செய்தி வந்தது. அதன் தொடர்பில் நம் திருச்சியிலும் பெரம்பலூரிலும் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகள் இரண்டின் சிறுநீரக மாற்று உரிமத்தை அரசாங்கம் நிறுத்தியது.

இவை வாடகைத் தாய் வழக்குகள் அல்ல. ஆயினும் கடன், தரகன், கையொப்பம், மௌனம் என்ற வரிசை எங்கும் ஒன்றே. ஈரோட்டுக்கும் பள்ளிபாளையத்துக்கும் வந்தவன் உறையூருக்கும் மணச்சநல்லூருக்கும் வரமாட்டான் என்பதற்கு உறுதியில்லை. தறியையோ நகையையோ அடகு வைத்தால் மீட்கலாம். உடலை அடகு வைத்தால் மீட்பதற்குத் தவணை கிடையாது.

உடலுக்கு நேரக்கூடியவை

கருவை ஏற்கும்படி கருப்பையைப் பக்குவப்படுத்தச் சுமார் இரண்டு வாரம் ஹார்மோன் மருந்து தரப்படும். கருவை வைத்த பின்னும் ஊசியோ மருந்தோ கர்ப்பத்தின் 10 அல்லது 12 வாரம் வரை நீடிப்பதுண்டு. வைத்த கரு தரித்ததா என்பது சுமார் இரண்டு வாரத்தில் இரத்தப் பரிசோதனையில் தெரியும். தரிக்காமற் போவதும், தரித்துச் சிதைவதும் சாதாரணமாக நிகழக்கூடியவை.

தன் குழந்தையைச் சுமப்பதற்கும் இதற்கும் அபாயத்தில் வேற்றுமை உண்டா? உண்டு என்றே ஆராய்ச்சி கூறுகிறது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 2012 முதல் 2021 வரை நிகழ்ந்த பிரசவங்களை ஆராய்ந்து 2024-ல் ஒரு முடிவு வெளியிட்டனர். இயல்பாகக் கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு 2.3 பேருக்குக் கடுமையான உடற்கேடு நேர்ந்தது. சோதனைக் குழாய் முறையில் தம் குழந்தையைச் சுமந்தோர்க்கு அது 4.3; பிறர்க்காகச் சுமந்தோர்க்கோ 7.8. இரத்த அழுத்தம் மிகுந்து வலிப்பு வரை செல்லும் கர்ப்பகாலக் கோளாறும், பிரசவத்துக்குப் பின் நேரும் பெரும் இரத்தப் போக்கும் குறிப்பாக அஞ்சத்தக்கவை. இரட்டைக் கர்ப்பமாயின் அபாயம் மேலும் கூடும். அதனாலேயே ஒரு முறைக்கு ஒரு கருவை மட்டும் வைக்க வேண்டுமென்றும், விசேஷ காரணம் இருந்தாலன்றி அதற்கு மேல் கூடாதென்றும் விதிகள் கூறுகின்றன.

வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுக்க நேர்ந்தால், குழித்தறியில் அமர்ந்து காலால் மிதித்து நெய்பவளுக்கும், வாழைத்தார் சுமப்பவளுக்கும், நாற்று நடக் குனிபவளுக்கும் வேலைக்குத் திரும்பும் நாள் தள்ளிப்போகும். அந்நாட்களில் அவள் கூலிக்கு ஈடு யார் தருவார்? குழந்தையைக் கொடுத்துவிட்ட பின்னும் மார்பில் பால் சுரக்கும். அதனை நிறுத்த மருந்து வேண்டும். மனத்தில் சுரப்பதை நிறுத்த மருந்து இல்லை. வீட்டிலுள்ள தன் பிள்ளைகள் “பாப்பா எங்கே?” என்று வினவினால் சொல்ல வேண்டிய விடையையும் முன்னரே எண்ணி வைத்திருத்தல் வேண்டும்.

கையொப்பத்துக்கு முன் பார்க்க வேண்டிய தஸ்தாவேஜுகள்

கடன் துயரம் ஏதுமின்றி, குழந்தையில்லாத உறவினர்க்கோ தோழிக்கோ அன்பினால் இவ்வுதவியைச் செய்ய விரும்பும் பெண்ணும் இருக்கலாம். அவ்வெண்ணம் போற்றத்தக்கது, சட்டமும் அதற்கு இடம் தருகிறது. அவள் பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டும்.

1. ஆஸ்பத்திரி இச்சட்டப்படி பதிவு பெற்றதா? பதிவுச் சான்றைக் கண்ணால் காண வேண்டும்.

2. தம்பதியர்க்கு இது மருத்துவ ரீதியில் அவசியம் என்ற சான்று உள்ளதா? நலப்பணிகள் இணை இயக்குநர் போன்ற மாவட்ட மருத்துவத் தலைமை அதிகாரியின் கீழ் இயங்கும் மாவட்ட மருத்துவக் குழு அதனை வழங்குகிறது.

3. குழந்தையின் பெற்றோர் யார், யாருடைய பொறுப்பில் இருக்கும் என்று மேஜிஸ்டிரேட் கோர்ட்டு உத்தரவு பெறப்பட்டதா? இவ்வுத்தரவு இருப்பின், பிறந்த குழந்தை அத்தம்பதியரின் குழந்தையே. அங்கவீனம் என்றோ, பெண் என்றோ காரணம் காட்டி அவர்கள் கைவிடுதல் குற்றம்.

4. அவள் பெயரில் 36 மாதங்களுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கப்பட்டதா? கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் பின்னர் வரும் கோளாறுகளுக்கும் அது போதுமானதாக இருக்க வேண்டும். நோய், நஷ்டம், மரணம் நேர்ந்தால் ஈடு செய்வோம் எனத் தம்பதியர் மேஜிஸ்டிரேட் முன் சத்தியப் பிரமாணப் பத்திரமும் தர வேண்டும்.

5. சம்மதப் பத்திரம் அவளுக்குப் புரியும் மொழியில் உள்ளதா? பக்க விளைவுகள் யாவும் விளக்கப்பட்டனவா? கருவை வைக்கும் கணம் வரை “வேண்டாம்” என்று சொல்லி விலக அவளுக்கு உரிமை உண்டு. வைத்த பின்பும், அவள் எழுத்து மூலம் சம்மதியாமல் கருவைக் கலைக்கவோ, கலைக்கும்படி வற்புறுத்தவோ எவருக்கும் அதிகாரமில்லை.

6. இவையனைத்தின் பிரதியும் அவள் கைக்கு வந்ததா? நடிகை நயன்தாரா, விக்னேஷ் சிவன் தம்பதியர்க்கு 2022 அக்டோபரில் இம்முறையில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது தமிழக அரசாங்கம் விசாரணை நடத்தியது. தம்பதியர் விதி மீறவில்லை என்று கண்ட அவ்விசாரணை, ஆஸ்பத்திரி தஸ்தாவேஜுகளைச் சரிவரப் பேணவில்லை என்றும் கண்டது. புகழ் பெற்றவர் விஷயத்திலேயே அவ்வாறாயின், பெயர் அறியாத ஏழைப் பெண்ணின் காகிதங்களை யார் பேணுவார்? தன் பிரதியைத் தானே பத்திரப்படுத்திக் கொள்வதே தக்க காவல்.

படித்துப் புரியாதவற்றை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் காட்டலாம். பெண்களுக்கு அங்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு; அதன் தொலைபேசி எண் 15100. வற்புறுத்தலோ மிரட்டலோ இருந்தால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம்.

கடனுக்குச் சங்கமே வழி

1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நம் நாட்டில் தோன்றியது எதற்காக? வட்டிக்காரனின் பிடியிலிருந்து உழைப்பாளியை மீட்கவே. அவ்வாண்டிலேயே நம் மாநிலத்துத் திரூரில் முதற் சங்கம் தொடங்கப்பட்டது. இன்று தவணை தவறாமற் செலுத்தும் பயிர்க் கடனுக்குத் தமிழ்நாட்டில் வட்டி கிடையாது. நகைக் கடன் உண்டு. நெசவாளர்க்கு முத்ரா கடன் உண்டு. கந்துவட்டியைத் தடுக்க 2003-ம் வருஷத்துச் சட்டமும் உண்டு. இவற்றுள் எதனையும் கேளாமல், மானத்துக்கு அஞ்சி மௌனமாயிருக்கும் குடும்பமே தரகன் கையில் சிக்குகிறது. தவணை கேட்டு வரும் அங்கத்தினரைக் கடிந்து அனுப்பும் காரியதரிசியும் அத்தரகனுக்கு அறியாமல் உதவி செய்தவராகிறார். நிர்வாகக் குழுவினர் இதனை மனத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

எனவே, “உன் மனைவி சம்மதித்தால் உன் கடன் தீரும்” என்று ஒருவன் சொன்னால், அவன் ஒரு குற்றத்துக்கு அழைக்கிறான் என்று அறிக. அன்று மாலையே சங்க அலுவலகத்துக்கு வருக. வாய்தா நீட்டலாம், தவணை பிரிக்கலாம், வேறு கடனாக மாற்றித் தரலாமா என்று பார்க்கலாம். அன்பினால் ஒருத்தி தாயாக விரும்பினால், சட்டம் காட்டிய வழியில், எல்லாம் அறிந்து, தன் மனம் ஒப்பிச் செய்வாளாக. கடனுக்காக எவளும் கருச்சுமக்கும் நிலை நம் சங்க எல்லைக்குள் நேராதிருக்கப் பார்ப்பது நம் அனைவருடைய கடமையாகும்.