நாயோடு மலையேறுவது

நாய்க்குச் சிகரம் என்று ஒன்று கிடையாது. எஜமான் எழுந்து நடந்தால் அதுவும் நடக்கும், அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும். எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று அது கேட்பதில்லை. முடியவில்லை என்று சொல்வதும் இல்லை. மனிதர்களோடு சேர்ந்து நடக்கும்போது கிடைக்காத ஓர் உற்சாகம் நாயோடு நடக்கும்போது கிடைப்பது இதனால்தான். மலையில் நாய்களுக்கு நேரும் ஆபத்துகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமும் இதுவேதான்.

மலையேற்ற வரலாற்றில் அதிகம் பேசப்படும் நாயின் பெயர் ச்சிங்கெல். சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற மலை வழிகாட்டி கிறிஸ்டியன் ஆல்மர், 1865இல் குட்டியாக இருந்த அதைத் தன்னோடு ச்சிங்கெல் என்ற கணவாயைத் தாண்டி நடத்திக் கூட்டிவந்தார். கணவாயின் பெயரே அதற்கும் நிலைத்துவிட்டது. 1868இல் ஐகர் சிகரத்தில் ஏற முயன்று முடியாமல் சோர்ந்து திரும்பிய கூலிட்ஜ் என்ற அமெரிக்க இளைஞனைத் தேற்றுவதற்காக, ஆல்மர் அந்த நாயை அவனுக்கே கொடுத்துவிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் கூலிட்ஜ், அவருடைய தாயின் சகோதரி மெட்டா பிரெவோர்ட், ச்சிங்கெல் மூவரும் ஆல்ப்ஸ் மலையில் சுற்றாத இடம் குறைவு. ச்சிங்கெல் ஏறிய பெரிய சிகரங்களும் கடந்த கணவாய்களும் சேர்ந்து 60க்கும் மேல். 1875இல் அது மோன் பிளாங்க் உச்சியையும் தொட்டது.

பனியாறுகளைக் கடக்கும்போது அதன் கழுத்துப் பட்டையில் கயிறு கோத்து, மனிதர்களைப் போலவே அதையும் வரிசையில் கட்டிக்கொள்வார்கள். கூரிய பனியில் நடந்து அதன் பாதங்களில் ரத்தம் கசிந்ததால் தோலில் சின்னச் சின்னப் பாதணிகள் தைத்துப் போட்டுப் பார்த்தார்கள். அதற்கு அவை பிடிக்கவில்லை. வெறுங்காலோடே ஏறியது. லண்டன் ஆல்பைன் கிளப்பின் கௌரவ உறுப்பினர் என்று ச்சிங்கெல்லை அந்தக் காலத்து மலையேறிகள் செல்லமாகச் சொல்வார்களாம். அதே சிகரங்களில் ஏறிய பிரெவோர்ட்டுக்கு அந்தக் கிளப்பில் இடமில்லை. பெண்களை அது உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1974இல்தான்.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதை, ஜார்ஜியா மாநிலத்திலிருந்து மெய்ன் மாநிலம் வரை சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் காட்டு வழி. பார்வையற்றவரான பில் இர்வின் 1990இல் ஓரியன்ட் என்ற ஜெர்மன் ஷெப்பர்டு நாயோடு அதை முழுவதும் நடந்து முடித்தார். மார்ச்சில் கிளம்பியவர் நவம்பரில்தான் முடித்தார். நகரத்து நடைபாதையில் வழிகாட்டப் பழக்கப்பட்ட நாய் ஓரியன்ட். வேரும் பாறையும் ஓடையுமாகக் கிடக்கும் மலைப் பாதை அதற்கு முற்றிலும் புதிது. வழியில் இர்வின் ஆயிரக்கணக்கான முறை விழுந்தார், விலா எலும்பு முறிந்தும் நடையை நிறுத்தவில்லை. வழியில் சந்தித்த மற்ற நடையாளர்கள் இருவரையும் சேர்த்து ‘ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ என்று ஒரே பெயரில் அழைத்தார்கள்.

நேபாளத்தில் யாரும் கூப்பிடாமலே ஒரு நாய் மலையேறியது. 2018 நவம்பரில் ஒரு மலையேற்றக் குழு மேரா சிகரத்திலிருந்து இறங்கி வந்தபோது, எங்கிருந்தோ வந்த ஒரு தெருநாய் அவர்களோடு சேர்ந்துகொண்டது. குழுவின் வழிகாட்டி அதற்கு மேரா என்று பெயர் வைத்தார். குளிர் தாங்காமல் நடுங்கிய அதைத் தன் கூடாரத்துக்குள் படுக்க வைத்தார். குழு அடுத்து 7,129 மீட்டர் உயர பருன்ட்ஸே சிகரத்துக்குக் கிளம்பியபோது அதுவும் பின்தொடர்ந்து உச்சி வரை போய், அவர்களோடே இறங்கியது. ஒரு நாய் ஏறியதாகப் பதிவான மிக அதிக உயரம் இதுதான் என்று கருதப்படுகிறது.

ஆனால் எல்லா நாய்களாலும் இப்படி நடக்க முடியாது. நாயின் உடல் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று தெரிந்துகொண்டு கிளம்புவதுதான் அதற்குச் செய்யும் முதல் மரியாதை.

குளிரைவிட வெயில்தான் நாய்க்குப் பெரிய எதிரி. மனிதனுக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு உள்ளங்காலில் மட்டும்தான், அதுவும் கொஞ்சமாக. வாயைத் திறந்து இரைத்து, நாக்கிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. காற்றில் ஈரப்பதம் கூடினால் அந்த ஆவியாதல் மந்தமாகிவிடும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் வெயில் சுமாராக இருக்கும் நாளில்கூட நாய்கள் துவண்டுபோவது இதனால்தான். நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். அது 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நாக்கு வழக்கத்தைவிட அகலமாகத் தொங்குவது, எச்சில் கெட்டியாக வழிவது, ஈறு கருஞ்சிவப்பாவது, கால் தள்ளாடுவது, வாந்தி எடுப்பது எல்லாம் எச்சரிக்கைகள். இவற்றைக் கண்டவுடன் நிழலில் கிடத்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிவிட வேண்டும். சூடு தணியத் தொடங்கியதும் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போக வேண்டும். விடியலில் கிளம்பி வெயில் ஏறுமுன் திரும்பிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

அடுத்து பாதம். நாயின் உள்ளங்கால் தடித்த தோல்தான், ஆனாலும் காய்ந்த பாறையும் தார்ச்சாலையும் அதைப் பொசுக்கிவிடும். புறங்கையைத் தரையில் ஐந்தாறு நொடி வைத்துப் பார்க்கலாம். கை தாங்காத சூட்டை அதன் காலும் தாங்காது. வீட்டிலேயே வளர்ந்த நாயின் உள்ளங்கால் மென்மையாக இருக்கும் என்பதால், சில வாரங்கள் மண் பாதையிலும் கரட்டிலும் நடத்திப் பழக்கிய பிறகே மலைக்குக் கூட்டிப்போவது நல்லது.

பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களால் சரியாக இரைக்கவே முடியாது. அவற்றுக்குத் தெருமுனை வரை நடையே போதும். பெரிய இன நாய்களுக்கு எலும்பு முழுமையாக முதிர ஒன்றரை வயது வரைகூட ஆகும். அதற்கு முன் நீண்ட ஏற்றங்களில் இழுத்துப் போனால் மூட்டு கெட்டுவிடும். தமிழ்நாட்டுச் சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைத் துரத்தி வளர்ந்த இனங்கள். குட்டை முடியும் ஒல்லி உடம்பும் இருப்பதால் நம் ஊர் வெப்பத்தை வெளிநாட்டு இனங்களைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் கண்ணெதிரே எதுவும் ஓடினால் பாய்ந்துவிடும், பாய்ந்த பிறகு கூப்பிட்டால் காதில் விழாது. இவற்றைக் கயிறில்லாமல் மலையில் விடவே கூடாது.

மலையேறுகிறவர்கள் பையில் போட்டுக்கொள்ளும் தின்பண்டங்களில் உலர்திராட்சையும் சாக்லேட்டும் தவறாமல் இருக்கும். இரண்டுமே நாய்க்கு நஞ்சு. திராட்சை சிறுநீரகத்தையும், சாக்லேட் இதயத்தையும் நரம்பையும் தாக்கும். பாசத்தில் ஒரு வாய் ஊட்டிவிடுவது இங்கே தீங்காக முடியும். தண்ணீரையும் அதற்கென்று தனியாகக் கொண்டுபோய், தாகமாக இருக்கிறதா என்று பார்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்க வேண்டும். தேங்கிய குட்டைகளில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும், அதற்கான தடுப்பூசியும் நாய்களுக்கு உண்டு.

நாயால் காட்டுக்கு வரும் கேடு இன்னும் முக்கியமானது. 1994இல் தான்சானியாவின் செரெங்கெட்டி பகுதியில் சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செத்துப்போயின. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயே காரணம். சுற்றுவட்டாரக் கிராமத்து நாய்களிடமிருந்து அது பரவியதாக ஆய்வாளர்கள் கண்டார்கள். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் இறந்தபோதும் அதே வைரஸ் கண்டறியப்பட்டது. நோயே இல்லாத நாய்கூட, அதன் வாசனையாலும் குரைப்பாலும், மானையும் தரையில் கூடு கட்டும் பறவையையும் இடம்பெயர வைத்துவிடும். அமெரிக்க தேசியப் பூங்காக்களில் பல பாதைகளில் நாய்க்கு அனுமதியே கிடையாது. அனுமதி உள்ள இடங்களிலும் ஆறடிக்கு மேற்பட்ட கயிறு கூடாது. இந்தியாவின் தேசியப் பூங்காக்களுக்கும் சரணாலயங்களுக்கும் வளர்ப்பு நாயைக் கூட்டிப்போகக் கூடாது. இதில் நாயின் நன்மையும் இருக்கிறது. சிறுத்தைக்கு நாய் எளிதாகக் கிடைக்கும் இரை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தேயிலைத் தோட்டங்களில் இருட்டிய பிறகு நாயோடு நடப்பது சிறுத்தையை அழைப்பதற்குச் சமம்.

ஆகவே தமிழ்நாட்டில் நாயோடு நடக்க விரும்புகிறவர்களுக்குக் காப்புக்காட்டுக்கு வெளியே உள்ள பாதைகளே பொருத்தம். கண்மாய்க் கரை, வரப்பு, ஊரை ஒட்டிய பொட்டல் கரடு, மலையூர்களின் பகல்நேரக் கிராமச் சாலை என்று இடத்துக்குப் பஞ்சமில்லை. கார்த்திகை முதல் மாசி வரை பருவமும் தோது. வழியில் உள்ள ஊர் நாய்கள் தங்கள் எல்லைக்குள் புதிய நாயை விடுவதில்லை. தூரத்தில் கூட்டத்தைக் கண்டதும் பாதையை மாற்றிக்கொள்வது, அருகில் வந்துவிட்டால் ஓடாமல் நாயைப் பக்கத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிதானமாக விலகுவது நல்லது. வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாயை வெளியே அழைத்துப் போகவே கூடாது.

வீடு திரும்பியதும் காதின் உள்மடல், விரலிடுக்கு, அக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இருந்தால் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நசுக்கக் கூடாது. உள்ளங்காலில் வெடிப்போ முள்ளோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மறுநாள் காலை நாய் விறைப்பாக எழுந்தாலோ, படியேறத் தயங்கினாலோ முந்தைய நாளின் தூரம் அதற்கு அதிகம். அந்த விறைப்பு முற்றிலும் போகும் வரை ஓய்வு கொடுத்து, அடுத்த முறை பாதியில் திரும்பிவிடலாம். இரண்டு நாளாகியும் நொண்டினால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.