விலையில்லா மென்பொருளுக்கு விலைபோகாத ஆலோசனை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகளை வைத்திருக்கும் சிறு நிறுவனங்களுக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. புதிய கணினி வாங்கலாம். மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்து சிறிது காலம் தள்ளலாம். திருத்தம் இல்லாமலேயே ஓட்டிக்கொண்டு ஆபத்தை ஏற்கலாம். அல்லது லினக்ஸுக்கு மாறலாம்.

நான்காவது வழியைப் பற்றி யாரிடம் கேட்பது? கணினி விற்பவர் புதிய கணினி வாங்கச் சொல்வார். லைசென்ஸ் விற்பவர் மாறாதீர்கள் என்பார். லினக்ஸ் போட்டுத் தருபவர் எல்லாமே அதில் ஓடும் என்பார். மூவர் பேச்சிலும் உண்மை இருக்கலாம். மூவருக்கும் அதில் வருமானமும் இருக்கிறது. எதையும் விற்காமல் யோசனை மட்டும் சொல்லும் ஒருவர் சிறு தொழில் செய்பவருக்குக் கிடைப்பதில்லை. ஓப்பன் சோர்ஸ் எனப்படும் திறமூல மென்பொருள் நம் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் போதுமான அளவு வந்து சேராததற்கு இந்தக் குறை ஒரு முக்கியக் காரணம்.

‘கிராக்’ போட்டால் என்ன தண்டனை?

ஐந்தாவதாக ஒரு வழியும் பரவலாகப் புழங்குகிறது. பூட்டை உடைத்த ‘கிராக்’ மென்பொருள் அது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு இதைக் குற்றம் என்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தாதவருக்குச் சிறைத்தண்டனையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பில் போடும் கடைக்கு அந்தச் சலுகை பொருந்தாது. “டீலர்தான் போட்டுக் கொடுத்தார்” என்று சொல்ல நினைப்பவர், மென்பொருளுக்குத் தனியாக பில் வாங்கினாரா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் தரும் உரிமை

திறமூல மென்பொருள் சட்டத்துக்கு வெளியே கிடைக்கும் ஓசிப் பொருள் அல்ல. அதற்கும் பதிப்புரிமை உண்டு, உரிமமும் உண்டு. அந்த உரிமம் பயனருக்கு நான்கு உரிமைகளைத் தருகிறது: எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தலாம், மூலநிரலைப் பார்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம், நகலைப் பிறருக்குத் தரலாம். ஒன்றாக இருக்கும் கணினி நூறானாலும் லைசென்ஸ் கட்டணம் ஏறாது.

“இதைப் பயன்படுத்தினால் நம் ரகசியமெல்லாம் வெளியே போய்விடும்” என்ற பயம் பலருக்கு இருக்கிறது. திறமூல உரிமங்களில் பரவலான ஜிபிஎல் உள்ள மென்பொருளை நிறுவனத்துக்குள் எப்படி மாற்றிப் பயன்படுத்தினாலும் யாருக்கும் எதையும் தர வேண்டியதில்லை. அதன் நகலை வெளியாருக்குக் கொடுக்கும்போதுதான் மூலநிரலையும் தரும் கடமை வருகிறது. ஏஜிபிஎல் உரிமத்தில் கூடுதலாக ஒரு நிபந்தனை உண்டு: மாற்றிய மென்பொருளை இணையம் வழியாகப் பிறருக்குப் பயன்படுத்தத் தந்தாலே அவர்களுக்கு மூலநிரல் கிடைக்க வழி செய்ய வேண்டும். கருவிகளுக்குள் மென்பொருளை வைத்து விற்பவர்கள் மூலநிரல் தரும் கடமையில் கவனமாக இருக்க வேண்டும். ஜிபிஎல் நிபந்தனைகள் செல்லும் என்று ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் 2004-இலேயே ஒரு நெட்வொர்க் கருவி நிறுவனத்துக்கு எதிராக உத்தரவிட்டிருக்கிறது.

எங்கே இடறும்?

உரிமத்தின் கடைசிப் பத்திகளை யாரும் படிப்பதில்லை. “இதற்கு உத்தரவாதம் எதுவும் கிடையாது” என்று அங்கே எழுதியிருக்கும். மென்பொருள் பழுதானால் அதை எழுதியவரிடம் இழப்பீடு பெறுவது கடினம். பாதுகாப்பு வேண்டுமென்றால் பராமரிப்பவரோடு தனி ஒப்பந்தம் போட வேண்டும்.

திட்டம் நடத்துபவர்கள் பாதையை மாற்றலாம். உலகமெங்கும் சர்வர்களில் ஓடிய சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸுக்கு 2029 வரை ஆதரவு இருக்கும் என்று நம்பியவர்கள், அது 2021 டிசம்பர் 31-உடன் முடிகிறது என்ற அறிவிப்பை 2020 டிசம்பரில் கேட்டார்கள். திறமூலம் என்பதால் ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் என்று மாற்றுகள் முளைத்தன. விவரம் தெரிந்தவர்கள் இடம் மாறினார்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற சிறிய மென்பொருள் கூறில் பெரிய ஓட்டை வெளிப்பட்டபோது, தங்கள் கணினிகளில் அது இருக்கிறதா என்பதே பல நிறுவனங்களுக்குத் தெரியவில்லை.

நம் ஊர்ச் சிக்கல்கள் இன்னும் எளிமையானவை. டிஜிட்டல் கையொப்ப டோக்கன் லினக்ஸில் வேலை செய்கிறதா? பில் பிரின்டருக்கு டிரைவர் உண்டா? எடை இயந்திரம் கணினியோடு பேசுமா? கணக்கு மென்பொருளில் யார் எதைத் திருத்தினார் என்ற தடம் பதிவாகிறதா? கடைசியாகச் சொன்ன தடப்பதிவு, கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்குச் சட்டக் கட்டாயம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இஆர்பிநெக்ஸ்ட் போன்று மும்பையில் உருவாகி உலகெங்கும் பயன்படும் திறமூலக் கணக்கு மென்பொருளை எடுத்தாலும் இந்த வசதி இயங்குகிறதா என்று ஆடிட்டரோடு உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.

கூட்டாகக் கேட்டவர்கள்

கேரளப் பள்ளிகள் திறமூல மென்பொருளுக்கு மாறி நிலைத்ததற்கு விலை மட்டும் காரணமல்ல. மாநில அரசின் ஐடி@ஸ்கூல் திட்டமும், அதிலிருந்து வளர்ந்த கைட் நிறுவனமும் பள்ளிகளுக்கேற்ற லினக்ஸைத் தயாரித்தன, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தன, தொடர்ந்து பராமரித்தன. ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியாக முட்டிமோத வேண்டியிருக்கவில்லை. மியூனிக் மாநகராட்சி சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றும் வேலையை 2013-இல் முடித்தது; 2017-இல் நகர மன்றமே விண்டோஸுக்குத் திரும்ப முடிவெடுத்தது. மாற்றி முடிப்பதோடு வேலை முடிவதில்லை என்பதற்கு அந்த நகரம் சாட்சி.

பிரிட்டனில் 2003-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஓஎஸ்எஸ் வாட்ச் என்ற ஆலோசனைச் சேவை தொடங்கியது. உயர்கல்விக்கான பொது அமைப்பான ஜிஸ்க் பணம் கொடுத்தது. கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் அங்கே யோசனை கேட்டன. திறமூலத்துக்குப் பிரசாரம் செய்வது தன் வேலையல்ல என்பதை அது கொள்கையாகவே வைத்திருந்தது. 2013-இல் ஜிஸ்க் நிதி நின்றதும் சேவை சுருங்கியது. பிரான்ஸில் 2002-இல் உருவான அதுலாக்ட் சங்கத்தில் உள்ளாட்சி அமைப்புகள் உறுப்பினராகி, பொதுப் பணத்தில் எழுதிய மென்பொருளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. யோசனை சொல்பவர் சார்பற்றவராக இருக்க, அவருக்கான பணம் பயன்பெறுபவர்களிடமிருந்தே தொடர்ந்து வர வேண்டும்.

இப்படிக் கூட்டாகச் செலவழிப்பது நமக்குப் புதிதல்ல. திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் கூட்டாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகின்றன. சிறு தொழில் குழுமங்களுக்குப் பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் குழும வளர்ச்சித் திட்டம் உதவுகிறது. கோவையின் கொடிசியா போன்ற சிறுதொழில் சங்கங்கள் உறுப்பினர்களிடம் ஆண்டுச் சந்தா வாங்கி ஒன்றிரண்டு மென்பொருள் ஆலோசகர்களை வைத்துக்கொள்ளலாம். சென்னை லினக்ஸ் பயனர் குழுவும் தமிழில் எழுதும் கணியம் இணைய இதழும் கற்றுக்கொள்ள நல்ல துணை. ஆனால் ஜிஎஸ்டி படிவம் தாக்கல் செய்யும் 20-ஆம் தேதி சர்வர் படுத்துவிட்டால், தன்னார்வலரை எழுப்பி வரச் சொல்வது நியாயமில்லை.

ஆலோசகரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எந்த நிறுவனத்திடமாவது கமிஷன் வாங்குகிறீர்களா? நீங்களே நிறுவித் தரும் வேலையையும் எடுப்பீர்களா? இருக்கும் மென்பொருளிலேயே தொடருங்கள் என்று யாருக்காவது சொல்லியிருக்கிறீர்களா? முதலிரண்டுக்கும் ‘இல்லை’ என்று எழுத்தில் தர வேண்டும். மூன்றாவதற்கு உதாரணம் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

காசு கொடுத்து எழுதி வாங்கிய நிரல் தனக்கே சொந்தம் என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். வெளி ஒப்பந்ததாரர் எழுதிய நிரலின் பதிப்புரிமை, எழுத்துப்பூர்வமாக மாற்றித் தரப்படாதவரை அவருடையதே. மாற்றித் தரும்போதும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் எழுதி வாங்க வேண்டும்.

அதோடு: அட்மின் கடவுச்சொற்கள் நிறுவனத்திடம் இருக்க வேண்டும். தரவு முழுவதையும் பொது வடிவத்தில் எப்போது கேட்டாலும் தர வேண்டும். பழுதைச் சரிசெய்ய எத்தனை மணி நேரம், தவறினால் என்ன கழிவு என்பது ஆண்டுப் பராமரிப்பு (ஏஎம்சி) ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். பேக்கப்பைத் திரும்ப ஏற்றிக் காட்டிய பிறகே கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும்.

ஏமாந்துவிட்டால்

சுயதொழிலாகப் பிழைப்புக்குக் கடை நடத்துபவர், சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தை அணுகிப் பார்க்கலாம். 1915 என்ற உதவி எண்ணில் முதல் புகாரைப் பதியலாம். வணிக நோக்கில் சேவை பெறும் பெரிய நிறுவனங்களை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் நுகர்வோராகக் கருதாது. அவர்களுக்கு ஒப்பந்தமும் உரிமையியல் நீதிமன்றமும்தான் வழி. தரவைப் பூட்டிப் பணம் கேட்டாலோ, கணக்கிலிருந்து பணம் போனாலோ இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். இத்தகைய இணையத் தாக்குதல்களைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிப்பது 2022 முதல் நிறுவனங்களின் கடமை.

சங்கம் ஆலோசகரை நியமிக்கும் வரை காத்திருக்காமல் இந்த வாரமே ஒரு வேலையைத் தொடங்கலாம். ஒவ்வொரு கணினியிலும் என்னென்ன மென்பொருள், எந்தப் பதிப்பு, எதற்கு பில் இருக்கிறது, எதற்கு இல்லை, எந்தக் கருவி அதோடு இணைந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் போட வேண்டும். அதன் ஒரு நகலைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப் போகலாம். இருபது பேர் தங்கள் பட்டியலைக் கொண்டுவந்தால், ஆலோசகருக்கு முதல் மாத வேலை தயார்.