300 ரூபாய் டிக்கெட், மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்... சென்னை டு சொந்த ஊர் பட்ஜெட் பயணம்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழும்பூர், தாம்பரம், கிளாம்பாக்கம் பக்கம் போய்ப் பாருங்கள். முதுகில் ஒரு பை, கையில் ஒரு கட்டைப்பை, காதில் போன். மறுமுனையில் அம்மாவோ அப்பாவோ கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டிக்கெட் கிடைச்சுதா?"

சென்னையில் வேலை, தென்மாவட்டத்தில் வீடு என்று வாழ்பவர்களுக்கு மாதத்துக்கு ஒருமுறையாவது இந்தப் பயணம் உண்டு. 20,000 ரூபாய் சம்பளத்தில் ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு எல்லாம் போக, ஊருக்குப் போய்வர ஒதுக்க முடிவது ஆயிரம் ரூபாய் இருந்தால் அதிகம். அந்த ஆயிரத்துக்குள் என்ன கிடைக்கும்? என்ன கிடைக்காது?

மதுரையை எடுத்துக்கொள்வோம். எக்ஸ்பிரஸ் ரயிலின் பொதுப் பெட்டியில் சுமார் 200 ரூபாய். ஸ்லீப்பரில் முந்நூற்றுச் சொச்சம். மூன்றடுக்கு ஏசி என்றால் 800 ரூபாயைத் தாண்டிவிடும். அரசு விரைவுப் பேருந்தின் ஏசி இல்லாத சீட், ஸ்லீப்பர் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆம்னி பஸ் கட்டணமோ, நாளையும் கிழமையையும் பொறுத்தது. ஆக, கணக்குப்படி ஜெயிப்பது ரயில்தான். ஆனால், கணக்கில் வராத செலவுகள் சில இருக்கின்றன.

காலை 8 மணி யுத்தம்

ரயில் முன்பதிவு 120 நாள்களுக்கு முன்பே தொடங்கிய காலம் போய்விட்டது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாள்களாகக் குறைந்தது. முன்பதிவு தொடங்கும் நாளன்று காலை 8 மணிக்குப் பண்டிகைக்கால டிக்கெட்டுக்கு உட்கார்ந்தால், பெயரும் வயதும் டைப் செய்து முடிப்பதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் வந்து நிற்கும்.

அடுத்த நம்பிக்கை தட்கல். பயணத்துக்கு முந்தைய நாள், ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் தொடங்கும். 2025 ஜூலை முதல், ஆதாரை இணைத்து உறுதிசெய்த கணக்கு இருந்தால்தான் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியும். தொடங்கி முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகளுக்கு அனுமதி இல்லை. இது நல்ல விஷயம்தான். ஆனால், அந்த 11 மணிக்கு வார்டில் டியூட்டி பார்க்கும் நர்ஸோ, கடையில் பில் போடும் பெண்ணோ போனைக் கையில் எடுக்க முடியுமா என்பது வேறு கேள்வி.

வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரில் ஏறி, டி.டி.இ-யிடம் கெஞ்சி ஒரு ஓரமாக உட்கார்ந்து போகும் பழக்கமும் இப்போது நடக்காது. ஆன்லைனில் எடுத்தது சார்ட் தயாரானதும் தானாக ரத்தாகிவிடும். கவுன்ட்டரில் எடுத்திருந்தால், அதை வைத்துப் பொதுப் பெட்டியில் மட்டுமே போகலாம். ஆர்.ஏ.சி கிடைத்தால் அதிர்ஷ்டம். சைடு லோயரை முன்பின் தெரியாத ஒருவரோடு பங்கிட்டு, விடிய விடியக் காலை மடக்கிக்கொண்டாவது போய்ச் சேரலாம்.

பொதுப் பெட்டி: உட்கார்ந்தால் ராஜா

எதுவும் கிடைக்காதவர்கள் ரயிலின் முன்னாலும் பின்னாலும் இருக்கும் பொதுப் பெட்டிகளை நோக்கி ஓடுகிறார்கள். இங்கே டிக்கெட் இருக்கும், இடம் இருக்காது. ஜன்னல் வழியாகப் போடப்படும் கர்ச்சீப்தான் ரிசர்வேஷன். லக்கேஜ் வைக்கும் பலகையில் நான்கு பேர், கதவருகே எட்டுப் பேர், வாஷ்பேசின் பக்கம் ஒரு குடும்பம் என்று பெட்டி நிறைந்துவிடும்.

ஆனாலும் அங்கே ஒரு நியாயம் இருக்கிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினால், "கொஞ்சம் தள்ளி உட்காருங்கண்ணே" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். மூன்று பேர் சீட்டில் ஐந்தாவதாகவும் ஒருவருக்கு இடம் முளைக்கும். புளியோதரைப் பொட்டலம் பிரிந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு கை நீளும். திண்டுக்கல் தாண்டும்போது யார் எந்த ஊர், யாருக்கு வரன் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஏசி கோச்சின் திரைக்குப் பின்னால் இதெல்லாம் கிடைக்காது.

முழுக்க முன்பதிவில்லாத ரயிலும் உண்டு. தாம்பரம் - நாகர்கோவில் அந்த்யோதயா எக்ஸ்பிரஸில் எல்லாப் பெட்டிகளுமே பொதுப் பெட்டிகள்தான். பெண்கள் கவனிக்க: பல ரயில்களில் கார்டு பெட்டியை ஒட்டி மகளிருக்கான முன்பதிவில்லாப் பகுதி இருக்கிறது. அதில் ஆண்கள் ஏறுவது ரயில்வே சட்டப்படி குற்றம். பிரச்னை என்றால் 139 எண்ணில் புகார் செய்யலாம்.

பஸ் பயணம்: இருக்கை உறுதி, மற்றதெல்லாம்?

பஸ்ஸில் உள்ள பெரிய நிம்மதி, எந்த நேரத்திலும் ஏதோ ஒன்று கிடைக்கும் என்பது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தெற்கே போகும் பெரும்பாலான பேருந்துகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. வண்டலூர், தாம்பரம்வாசிகளுக்கு வசதி. பெரம்பூரிலிருந்தோ தண்டையார்பேட்டையிலிருந்தோ லக்கேஜோடு வருபவர்களுக்கு, ஊர்ப் பயணத்துக்கு முன்னால் இன்னொரு பயணம். ஆட்டோ பிடித்தால் ரயில் டிக்கெட்டைவிட ஆட்டோவுக்கு அதிகம் ஆகும். பட்ஜெட் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி, பொங்கல் வந்தால் ஆம்னி பஸ் கட்டணம் இரண்டு, மூன்று மடங்காவது ஒவ்வோர் ஆண்டும் பார்ப்பதுதான். அதிகாரிகள் சோதனை நடத்துவார்கள், அபராதம் விதிப்பார்கள். அடுத்த பண்டிகைக்கு மறுபடியும் அதே கதை. நான்கு பேர் உள்ள குடும்பம் ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போய்வரும் செலவில், ஒரு மாத மளிகை வாங்கிவிடலாம்.

தண்ணீர் குடிக்காத 8 மணி நேரம்

பட்ஜெட் பயணத்தில் யாரும் வெளிப்படையாகப் பேசாத விஷயம் ஒன்று உண்டு. இரவுப் பயணம் என்றால் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் பெண்கள் ஏராளம். பையில் பாட்டில் இருக்கும். ஊர் வந்து சேரும்வரை மூடி திறக்கப்படாது.

காரணம் எளிமையானது. பெரும்பாலான பஸ்களில் கழிவறை கிடையாது. டிரைவரிடம் போய் நிறுத்தச் சொல்லும் துணிச்சல் எல்லாருக்கும் வராது. வந்தாலும் பலன் இருக்கும் என்று சொல்ல முடியாது. பண்டிகை நேரத்தில் ஒருமுறை தனியார் பஸ்ஸில் நான் போனபோது, நடுத்தர வயதுப் பெண் ஒருவர் இரண்டு முறை எழுந்துபோய்க் கேட்டும் "மோட்டல்லதான் நிக்கும்" என்ற பதிலே கிடைத்தது. மோட்டல் வர மேலும் முக்கால் மணி நேரம் ஆனது. அங்கே பெண்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருவர் உள்ளே போக, இன்னொருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். டீ விலை மட்டும் ஊர் விலையைவிட இரண்டு மடங்கு.

ரயிலில் கழிவறை இருக்கிறது. ஆனால், பொதுப் பெட்டியில் அதன் வாசல்வரை ஆள் உட்கார்ந்திருப்பார்கள். சில நேரம் உள்ளேயும் நிற்பார்கள். எழுந்து போனால் திரும்பிவரும்போது சீட் இருக்காது. 200 ரூபாய் பெட்டியில் கழிவறை இருந்தும் போக முடியாது, ஆயிரத்துக்கு மேல் கொடுத்து ஏறும் ஏசி பஸ்களில் பெரும்பாலானவற்றில் கழிவறையே இல்லை. இரண்டுக்கும் நடுவில் பெண்களும் சர்க்கரை நோயாளிகளும் வயதானவர்களும்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு பயணிப்பது சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு வழிவகுக்கும். மாதம் இருமுறை இப்படிப் போய்வருபவர்களின் உடல்நலம் எந்தப் பட்ஜெட்டில் வரும்?

அம்மா, அப்பாவுக்கு லோயர் பெர்த்

கொரோனாவுக்கு முன், 60 வயதான ஆண்களுக்கு 40 சதவிகிதமும், 58 வயதான பெண்களுக்கு 50 சதவிகிதமும் ரயில் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட அந்தச் சலுகை திரும்ப வரவில்லை. பென்ஷன் இல்லாத பெற்றோரை மாதாமாதம் சென்னை மருத்துவமனைக்கு அழைத்துவரும் குடும்பங்களுக்கு இது சின்ன இழப்பு அல்ல.

மிச்சமிருக்கும் ஒரு வசதி, லோயர் பெர்த் ஒதுக்கீடு. 60 வயதைக் கடந்த ஆண்கள், 45 வயதைக் கடந்த பெண்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்காக ஒவ்வொரு பெட்டியிலும் சில லோயர் பெர்த்கள் தனியாக வைக்கப்படுகின்றன. ஆனால், இந்த ஒதுக்கீட்டில் ஒரு டிக்கெட்டில் இப்படிப்பட்டவர்கள் ஒருவரோ இருவரோ மட்டுமே இருக்கலாம். மகனோ மகளோ தன் பெயரையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் இது பொருந்தாது. எனவே, பெற்றோருக்குத் தனி டிக்கெட், உங்களுக்குத் தனி டிக்கெட் என எடுப்பது நல்லது.

செலவும் சிரமமும் குறைய...

* பகலில் போக முடிந்தால் வைகை எக்ஸ்பிரஸின் செகண்ட் சிட்டிங்கைப் பாருங்கள். மதியம் சென்னையில் ஏறினால் இரவு மதுரை. ஸ்லீப்பரைவிடக் கட்டணம் குறைவு, இருக்கையும் உறுதி.

* 200 கி.மீ-க்கு மேற்பட்ட பயணத்துக்கு முன்பதிவில்லாத டிக்கெட்டை 3 நாள்களுக்கு முன்பே கவுன்ட்டரில் வாங்கலாம். கிளம்பும் நேரத்தில் வரிசையில் நிற்க வேண்டாம்.

* 5 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு ரயிலில் தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட் தேவையில்லை. 5 முதல் 11 வயதுவரை பெர்த் வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம்.

* ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் பயணிக்கவில்லை என்றால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். ரயில் கிளம்புவதற்கு முன்பே ஆன்லைனில் டி.டி.ஆர் பதிவு செய்ய வேண்டும்.

* மிடில் பெர்த்தை இரவு 10 முதல் காலை 6 மணி வரைதான் விரித்து வைக்கலாம். இதைச் சொல்லியே பாதிச் சண்டையைத் தவிர்க்கலாம்.

* பஸ்ஸில் ஏறும்போதே அடுத்து எங்கே நிற்கும் என்று கண்டக்டரிடமோ கிளீனரிடமோ கேட்டுவையுங்கள். நெடுஞ்சாலை டோல்கேட்களில் கழிவறை உண்டு. அங்கே நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். பெண்களுக்கு உதவி எண் 181.

புதுப்புது ரயில்கள் வருகின்றன, ஏசி பெட்டிகள் கூடுகின்றன. ஆனால், ஊருக்குப் போகும் கூட்டத்தில் பெரும்பாலானோர் ஏறுவது இன்னமும் பொதுப் பெட்டியிலும் ஸ்லீப்பரிலும் அரசுப் பேருந்திலும்தான். அவர்கள் கேட்பது சொகுசு அல்ல. கூடுதலாக இரண்டு பெட்டி, வழியில் தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிவறை, பயமில்லாமல் ஒரு மடக்குத் தண்ணீர். இவ்வளவுதான்.